அதே எரு, அதே பாத்தி: தக்காளி சுருண்டது, சோளம் நிமிர்ந்தது



பழைய டேட்டா கேஷில் தங்கிவிட்டால் என்ன நடக்கும் என்று இந்த வார எபிசோடில் கதைத்தோம். மண்ணிலும் அப்படித் தங்குகிற சாமான் இருக்கு.

போன வருசம் லண்டனில் அப்பாவின் அலொட்மென்டுக்கு, ஒரு குதிரைத் தொழுவத்தில் இருந்து எரு ஏற்றி வந்தோம். இலவசம், அப்பாவுக்குச் சந்தோசம். ஜூன் மாதம் தக்காளிக் குருத்தெல்லாம் கிண்ணம் மாதிரிக் குவிந்து சுருண்டது. போஞ்சியும் உருளைக்கிழங்கும் அதே கதி. ஆனால் அதே பாத்தியில் நின்ற ஸ்வீட்கோர்ன் சோளத்துக்கு ஒன்றுமே இல்லை. அப்பா வைரஸ் என்றார். நான் தண்ணி கூடிப்போச்சு என்றேன். இரண்டு பேரும் பிழை.

அது அமினோபைரலிட் வகைக் களைகொல்லியின் அடையாளம். மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிப்பது. அந்தப் புல்லைத் தின்கிற மாட்டின், குதிரையின் வயிற்றில் அது உடையாது. கழிவோடு அப்படியே வெளியே வரும். எருக்குவியலிலும் நீண்ட காலம் இருக்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் மெல்ல மெல்ல உடைக்க வேணும். பிரிட்டனில் 2008இல் பல தோட்டக்காரர்களுக்கு இதே பிரச்சினை வந்து, அனுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பிறகு புதிய நிபந்தனைகளோடு திரும்பி வந்தது.

ஏன் சோளம் தப்பியது? செடிக்குள் ஆக்சின் என்றொரு ஹோர்மோன், எங்கே எவ்வளவு வளர வேணும் என்று மெசேஜ் அனுப்பும். வேலை முடிந்ததும் செடி அதை அழித்துவிடும். இந்த மருந்து ஆக்சின் மாதிரி வேஷம் போடும், ஆனால் லேசில் அழியாது. மெசேஜ் நிற்காமல் வந்துகொண்டே இருக்க, வளர்ச்சி தாறுமாறாகும். புல் இனமான சோளத்தை இது பெரிதாகப் பாதிக்காது. தக்காளிக்கும் போஞ்சிக்கும் 100 கோடியில் சில பங்கே போதும்.

அதற்காக "புல் இனம் என்றால் பயமில்லை" என்று நினைக்காதீங்கோ. அட்ரசின் என்ற களைகொல்லியைச் சோளம் தானே உடைத்துவிடும். ஆனால் மிச்சம் மண்ணில் தங்கினால், அடுத்து விதைக்கிற சோயாவும் ஓட்ஸும் வாடலாம். ஓட்ஸும் புல் இனம்தான். மருந்து மாறினால் தப்புகிற பயிரும் மாறும்.

எரு வாங்கினால் முதலில் ஒரு ஏ/பி டெஸ்ட் செய்யுங்கோ. மூன்று சாடியில் எரு கலந்த மண், மூன்றில் எரு இல்லாத மண். ஆறிலும் போஞ்சி விதை. ஒன்றின் தண்ணி மற்றதுக்குள் போகாமல் தனித்தனித் தட்டில் வையுங்கோ. மூன்று, நான்கு கிழமை பொறுத்து, எருச் சாடியில் மட்டும் இலை சுருண்டால் அந்த எரு வேண்டாம். ஏற்கெனவே கொட்டியாச்சா? மண்ணை அடிக்கடி கிளறி விட்டு, அந்த வருசம் அங்கே சோளம் போடுங்கோ.

இந்த வருசம் எங்கட குசினி ஜன்னலில் ஆறு சாடி நிற்குது. அப்பா லேபல் ஒட்டியிருக்கிறார். தக்காளி நாற்று இன்னும் வாங்கவில்லை.