மன்னிப்பும் மிரட்டலும் ஒரே மூச்சில்

2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் நின்ற ஒரு பாடலின் பெரும்பகுதி, தன் துணையை அடிக்கின்ற ஆணொருவனின் வாக்குமூலமாகும். ரப் பாடகர் எமினெம்மும் பாடகி ரிஹானாவும் இணைந்து வழங்கிய 'லவ் த வே யூ லை' என்பதே அப்பாடல்.

வன்முறையை இது அழகுபடுத்துகின்றது என ஒரு சாரார் கண்டித்தனர். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைத் துணிந்து சொல்கின்றது என மறுசாரார் வரவேற்றனர். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால், பாடலையும் அதன் காணொளியையும் வேறு வேறாக நோக்க வேண்டும் என்பதே எமது அபிப்பிராயம்.

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வோக்கர் 1979இல் வெளியிட்ட நூலில், இல்லற வன்முறை ஒரு சக்கரம் போலச் சுழல்வதாக விளக்கினார். முதலில் வீட்டில் பதற்றம் மெல்ல முறுகும். பின்னர் அடி விழும். அதன் பிறகு கண்ணீர், மன்னிப்பு, இனி நடவாது என்ற சத்தியம். எல்லா வீடுகளிலும் இந்த ஒழுங்கு காணப்படுவதில்லை எனப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதுண்டு. எனினும் இப்பாடல் ஏறத்தாழ அதே தடத்திலேயே செல்கின்றது.

பாடலின் உயிர் அதன் மூன்றாவது பகுதியில் இருக்கிறது. அவள் வெளியேறத் துணிந்துவிட்டாள். பைகள் தெருவோரத்தில் கிடக்கின்றன. உள்ளே வரும்படி அவன் இரக்கிறான். பிழை தன்னுடையதே என்கிறான். அடுத்த முறை கோபம் வந்தால் சுவரையே குத்துவதாக வாக்களிக்கிறான். அந்த வாக்கிலேயே 'அடுத்த முறை' ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். சொல்வது பொய்யென்று அவனுக்கே தெரியும். முடிவில், மீண்டும் போக முயன்றால் கட்டிலில் கட்டி வீட்டோடு எரிப்பேன் என்கிறான்.

இங்கு இலக்கணம் பயின்றோர் ஒன்றைக் காண்பர். அதுவரை முன்னிலையில் 'நீ' என விளித்துக் கெஞ்சியவன், மிரட்டும்போது 'அவள்' எனப் படர்க்கைக்கு மாறிவிடுகிறான். அவளைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது. துன்புறுத்தப்படும் பெண் பிரிந்து செல்லும் வேளையே அவளது உயிருக்கு மிகுந்த ஆபத்தான வேளை என ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவருவது இதனையே. 2000ஆம் ஆண்டில் தன் மனைவியின் பெயரையே தலைப்பாக்கி, அவளைக் கொல்வதாகக் கற்பனை செய்து பாடியவரும் இதே எமினெம்தான். அப்பாடலில் ஆத்திரம் மட்டுமே இருந்தது. இதில் ஆத்திரம் பேசும் தந்திரமும் அம்பலமாகின்றது.

ஜோசப் கான் இயக்கிய காணொளியோ இத்தெளிவைக் கலைத்துவிடுகிறது. மேகன் பொக்ஸ், டொமினிக் மொனஹன் ஆகிய அழகிய நடிகர்கள் இருவர் மாறிமாறித் தாக்கிக்கொள்கின்றனர்; பின்னர் தழுவுகின்றனர்; தீயில் ஒளிர்கின்றனர். அடிப்பவனும் அடிபடுபவளும் சமபங்காளிகள் என்ற தோற்றம் அங்கே உருவாகின்றது. அண்டை அயலார் "இருவரிலும் பிழை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதற்கு இதனைவிட வேறென்ன வேண்டும்?

பல்லவியை ரிஹானா பாடியமைக்குத் தனிக் கனம் உண்டு. 2009 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவரது காதலரான பாடகர் கிறிஸ் பிரவுண் அவரைத் தாக்கினார். காயமுற்ற முகத்தின் புகைப்படம் அவரது சம்மதமின்றியே உலகெங்கும் பரவியது. பிரவுண் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அந்த ஆண்டு நவம்பரில் வழங்கிய தொலைக்காட்சி நேர்காணலில், தாம் அவரிடம் திரும்பிச் சென்றதை ரிஹானா மறைக்கவில்லை. தமது முடிவைப் பின்பற்றி எங்கோ ஓர் இளம்பெண் கொல்லப்படக்கூடும் என்ற எண்ணம் தம்மை உறுத்தியதாகவும் அவர் கூறினார்.

அத்தகையவருக்கு இப்பாடலில் கிடைத்தது பல்லவி மட்டுமே. நோவதும் பிடித்திருக்கிறது என்ற பொருளில் அவர் அதனைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். தீமூட்டும் மிரட்டலுக்குப் பின்னரும் அதே பல்லவி, ஒரு சொல்லும் மாறாமல் வருகின்றது. பெண்ணின் பக்கத்தை விரிவாகச் சொல்லும் இரண்டாம் பாகம் அதே ஆண்டில் ரிஹானாவின் 'லவுட்' இசைத்தொகுப்பில் வெளிவந்தது. முதற் பாடல் ஒலித்த அளவுக்கு அது ஒலிக்கவில்லை.