தாளத்திற்கு ஒரு பிரேம் முன்னால்

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் காட்சிகளைக் கைப்பேசியில் பிடித்து, பிரியமான பாட்டொன்றோடு இணைக்கும் வாசக அன்பர் ஒருவர், எந்த எஃபெக்ட் போட்டால் வீடியோ எடுபடும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். எஃபெக்டைவிட எடிட்டிங்கே பிரதானம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1982-இல் அமெரிக்காவில் ஜிம் கபோஸ்டாஸ் என்னும் ரசிகர், இரண்டு வி.சி.ஆர்.களை மாத்திரமே துணைகொண்டு, ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றின் கொடூரமான யுத்தக் காட்சிகளை, அன்பைப் போற்றும் பீட்டில்ஸ் பாட்டொன்றோடு சேர்த்தபோது, படத்திலும் பாட்டிலும் தனித்தனியே இல்லாத ஓர் அர்த்தம் பிறந்தது. மாயாஜாலம் எதற்கும் அந்தக் கருவிகளில் வழியில்லை.

எனக்கு ஓயாத ஆச்சரியம் தருவது வேறொன்று. கைப்பேசி பொதுவாக வினாடிக்கு 30 பிரேம் பிடிக்கிறது; நிமிஷத்துக்கு 120 தட்டு விழும் பாட்டானால், தட்டுக்கு 15 பிரேம். ஆனால் மிகச் சரியாகத் தட்டு விழும் பிரேமிலேயே காட்சியை மாற்றினால், அது சற்றுப் பிந்தினாற்போல் தோன்றுவதுண்டு. ஓரிரு பிரேம் முன்னதாக வெட்டினாலோ, கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. ஒலியைக் கேட்டு விரலசைக்க ஆகும் நேரத்தைவிட, ஒளியைக் கண்டு அசைக்கச் சுமார் 40 மில்லி வினாடி கூடுதலாகிறது. ஒரு பிரேமின் ஆயுளோ 33 மில்லி வினாடி. கண்ணின் இந்தத் தாமதத்தை அறிந்து வெட்டுகிற கைக்கு எந்த எஃபெக்டும் ஈடாகாது.

அதற்காகத் தட்டுக்குத் தட்டு வெட்டுவதும் தகாது. மாத்திரை தவறாமல் சொற்களைக் கொட்டி நிரப்பும் மிருதங்கம் அலுப்பூட்டுவதையும், கார்வை என்னும் இடைவெளி விட்டு வாசித்துத் தீர்மானத்தைச் சமத்தில் இறக்கும் மிருதங்கம் மெய்சிலிர்க்க வைப்பதையும் கச்சேரிகளில் எத்தனையோ முறை அனுபவித்திருக்கிறேன். மிருதங்க வித்வான் ராஜாராவின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஸ்ரீமுஷ்ணத்தின் பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

கிள்ளையில் இஸ்லாமியப் பெருமக்கள் சுவாமியை எதிர்கொண்டு மரியாதை செய்யும் அபூர்வக் காட்சியை ஒரு ஸ்டேட்டஸ் வீடியோவில் கண்டேன். மாலையேந்திய கரங்களையும் அந்த முகங்களின் பரவசத்தையும் ஒரு க்ஷணமேனும் நிலைக்கவிடாமல், படத்தைக் குலுக்கியும் மின்னலடித்தும் பாழாக்கியிருந்தது மனத்தை மிகவும் வருத்திற்று. அன்பரே, எஃபெக்ட் எதுவும் சேர்க்காமல் முழுவதையும் வெட்டி ஒட்டிவிட்டு, முதலில் சப்தமில்லாமலும் பிறகு பாட்டோடும் ஓட்டிப் பாருங்கள். மாலை கைமாறும் அந்த ஒரு காட்சியை மட்டும், பல்லவி ஒருமுறை முடியும்வரை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.