ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ‘ஸ்ரீ ஜிமி’ ஆன கதை: ப்ளூஸ் கிட்டாருக்கும் நம்ம கமகத்துக்கும் என்ன சொந்தம்?

2006-ல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஓர் ஆல்பம் வந்தது. ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பெயரைப் பார்த்ததுமே சிரிப்பு வந்திருக்கும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1968-ல் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ ஆல்பத்தின் பெயரில் பிள்ளையாரைக் கொண்டுவந்து உட்காரவைத்த குறும்பு அது. உள்ளே ‘பாட் பெல்லி ப்ளூஸ்’ இருக்கிறது, திருவல்லிக்கேணி பெயரைத் தாங்கிய ஒரு டிராக் இருக்கிறது, ‘ஸ்ரீ ஜிமி’ என்றே ஒன்று இருக்கிறது. வாசித்தவர் ராணிப்பேட்டையைச் சேர்ந்த பிரசன்னா. கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு சம்மணமிட்டு உட்காரும் அதே பிரசன்னாதான்.

சியாட்டிலில் பிறந்த ஒரு ப்ளூஸ் ராக் கலைஞருக்கு நம்ம ஊர்க்காரர் ‘ஸ்ரீ’ போடும் அளவுக்கு அப்படி என்ன இருக்கிறது?

யார் இந்த ஹென்ட்ரிக்ஸ்?

1942 நவம்பர் 27-ல் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். கிட்டார் வாங்க வழியில்லாத சிறுவயதில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல நடித்தவர். 1961-ல் ராணுவத்தில் சேர்ந்து, அடுத்த வருடமே வெளியே வந்தார். பிறகு சில வருடங்கள் லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசிக்கும் சம்பள வேலை. 1966 செப்டம்பரில் லண்டனுக்கு அழைத்துப் போனார்கள். அங்கேதான் வாழ்க்கை மாறியது.

இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். உயிரோடு இருந்தபோது வந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தமே 3. 1970 செப்டம்பர் 18-ல் லண்டனில் தூக்க மாத்திரை அதிகமாகி, வாந்தியில் மூச்சுத்திணறி இறந்தபோது வயது 27. உலகம் அவரைக் கவனித்தது வெறும் 4 வருடம். (27 வயதில் இறந்த கலைஞர்களை ஒரு ‘கிளப்’ ஆக்கி டி-ஷர்ட் விற்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அது சாகசம் இல்லை, ஒரு மனிதரின் சாவு.)

1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. உட்ஸ்டாக் திருவிழாவின் கடைசி நிகழ்ச்சி அவருடையது. முந்தைய இரவே முடிந்திருக்க வேண்டியது. கூட்டத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் முன்னால் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். பாடல் வரி எதுவும் கிடையாது. கிட்டாரிலேயே குண்டு விழுகிறது, சைரன் அலறுகிறது, யாரோ கத்துகிறார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, கமகம் எங்கே வருது?

ப்ளூஸ் என்பது அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் உருவாக்கிய இசை. அதன் உயிரே ஸ்வரத்தை நேராகத் தொடாமல் வளைப்பதில்தான் இருக்கிறது. நம்ம மொழியில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் குரல் நின்று தவிக்கும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. கிட்டாரில் உண்டு: தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் போதும். இதற்கு ‘பெண்டிங்’ என்று பெயர்.

ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு சாப்பிட்டவர்களுக்கு இது சட்டுன்னு புரியும். அச்சில் பிழிந்த முறுக்கு எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். கையில் சுத்தும்போது மாவு விரலுக்குள் முறுகி முறுகி வரும், ஒவ்வொன்றிலும் சுத்தினவர் கை தெரியும். ஃப்ரெட் தருகிற ஸ்வரம் அச்சு. பெண்டிங் என்பது கை.

வீணை பார்த்திருப்பீர்கள். அதிலும் மெட்டுகள் உண்டு. கலைஞர் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் கொண்டுவருகிறார். ஆக மிசிசிப்பிக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்!

ஸ்வரங்களிலும் ஒற்றுமை உண்டு. ராக் கிட்டார் பழகும் எல்லோரும் முதலில் கற்கும் மைனர் பென்டாடானிக்கை நம்ம கணக்கில் எழுதினால் ஸ க ம ப நி. சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், கைசிகி நிஷாதம். அப்படியே சுத்த தன்யாசி! முத்தையா பாகவதரின் ‘ஹிமகிரி தனயே’ அந்த ராகம்தான். ஆனா ஸ்வரம் ஒன்று என்பதால் ராகமும் ஒன்று ஆகிவிடாது. எந்த ஸ்வரத்தை எவ்வளவு அசைக்கலாம், எங்கே நிற்கலாம் என்பதற்கு இங்கே ஓர் ஒழுங்கு, அங்கே வேறோர் ஒழுங்கு. ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிரசன்னா என்ன செய்தார்?

ஐஐடி மெட்ராஸில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல், அதன்பின் அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரி. கர்நாடக இசையில் திருவாரூர் பாலசுப்ரமணியம், வயலின் கலைஞர் ஏ.கன்யாகுமாரி ஆகியோரிடம் பாடம். கல்லூரி மேடைகளில் ராக் வாசித்த அதே விரல்களால்தான் தியாகராஜர் கீர்த்தனையும் வாசிக்கிறார். கிட்டாரின் ஃப்ரெட்டைச் செதுக்கவோ பிடுங்கவோ இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரண கிட்டார்தான். வீணை அளவுக்குத் தந்தியை இழுக்க அதில் முடியாது. அதனால் கொஞ்சம் இழுப்பு, கொஞ்சம் விரலைச் சறுக்குவது என்று இரண்டையும் கலக்கிறார். 2009-ல் ஆஸ்கர் வென்ற ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசையமைத்ததும் இவரே.

‘கர்நாடக இசைக்குக் கிட்டார் எதுக்கு?’ என்ற கேள்வி வராமல் இருக்குமா? வயலினும் வெளிநாட்டுச் சரக்குதான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் அதை எடுத்து வாசித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைத் தேட வேண்டும். எலெக்ட்ரிக் மாண்டலினை ஸ்ரீநிவாஸ் நம்முடையதாக்கினார்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. 1967 ஜூன் 18, கலிஃபோர்னியாவின் மான்டெரி இசை விழா. பகலில் சிதார் மேதை ரவி சங்கர் வாசித்தார். அதே நாள் இரவு ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாரை மேடையிலேயே கொளுத்தினார். உலகமே கைதட்டிய அந்தக் காட்சி ரவி சங்கரை வேதனைப்படுத்தியது. வாத்தியத்தைக் கும்பிடும் பண்பாட்டிலிருந்து வந்தவர் அவர். ஆயுத பூஜைக்குத் தறிக்கும் லாரிக்கும் பொட்டு வைக்கும் நமக்கும் அந்த வருத்தம் புரியும். அப்படிக் கொளுத்தியவரை ‘ஸ்ரீ ஜிமி’ என்று கூப்பிடலாமா?

என் பார்வையில், கூப்பிடலாம். ஹென்ட்ரிக்ஸ் தீ வைத்த நிமிடங்கள் வெகு குறைவு. தந்தியை இழுத்து இழுத்து ஒரு ஸ்வரத்தின் ஓரத்தைத் தேடிய நேரமே அதிகம். பிரசன்னா எடுத்துக்கொண்டதும் அதைத்தான். தீப்பெட்டியை அவர் தொடவே இல்லை.

கேட்டுப் பார்க்க நினைத்தால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் ஹென்ட்ரிக்ஸின் ‘ரெட் ஹவுஸ்’, அடுத்து வீணையில் யாராவது வாசித்த ‘ஹிமகிரி தனயே’, கடைசியாக ‘ஸ்ரீ ஜிமி’. போன் ஸ்பீக்கர் வேண்டாம், இயர்போன் போட்டுக்கோங்க. தந்தி வளையும்போது விரல் உரசும் சத்தம் அதில்தான் கேட்கும்.