கோலத்தின் இலக்கணம்

முருங்கைக் கீரை உண்ணாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. ஆயினும், அக்கீரையின் வடிவத்தை ஊன்றி நோக்கினோர் எத்துணைப் பேர்? மாணவர்களே, உங்கள் இல்லத்தில் அடுத்த முறை முருங்கைக் கீரை ஆயும்போது, ஒரு முழு இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவே நீண்ட காம்பு ஒன்று இருக்கும். அதன் இரு பக்கங்களிலும் சிறு காம்புகள் கிளைத்திருக்கும். அவை ஒவ்வொன்றிலும் மேலும் சிறிய காம்புகள் கிளைத்திருக்கும். நாம் உருவி எடுக்கும் சிற்றிலைகள் அவற்றின்மேல் அமைந்திருக்கும். இனி, பக்கக் காம்பு ஒன்றைக் கிள்ளித் தனியே வைத்து நோக்குங்கள். அது முழு இலையைப் போலவே தோன்றும்; அளவில் மட்டுமே சிறியது.

எல்லாப் பொருள்களும் இவ்வாறு அமைவதில்லை. தென்னை மட்டையிலிருந்து ஓர் ஓலையைப் பிரித்தெடுத்தால், அது மட்டையைப் போல இராது. நீண்ட நாடாவைப் போல இருக்கும். முருங்கையிலையிலோ, பகுதி முழுமையை ஒத்திருக்கிறது. பகுதியின் பகுதியும் அவ்வாறே ஒத்திருக்கிறது. பூக்கோசும் இத்தகையதே. அதனின்று ஒரு சிறு கொத்தை உடைத்தால், அதுவே ஒரு குட்டிப் பூக்கோசாகக் காட்சி தரும்.

இத்தகைய அமைப்பு நம் உடலுக்குள்ளும் உண்டு. மூச்சுக்குழல் மார்பினுள் சென்று இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த கிளைகள் ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிகின்றன. இவ்வாறு ஏறத்தாழ 23 முறை பிரிந்து, இறுதியில் கோடிக்கணக்கான நுண்ணறைகளில் முடிகின்றன. இந்நுண்ணறைகளின் உட்பரப்பு முழுவதையும் விரித்தால், ஏறத்தாழ 70 சதுர மீட்டர் ஆகும். அது ஒரு பெரிய வகுப்பறையின் தரையை மூடப் போதுமானது. அவ்வளவு பரப்பும் நம் சிறு மார்புக்குள் அடங்கியிருப்பதனால்தான் நமக்கு வேண்டிய உயிர்வளியை நாம் பெறுகிறோம். கிளைத்தல் என்னும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து, இயற்கை இப்பெரும் பயனை விளைவிக்கிறது.

பகுதி முழுமையை ஒத்து அமையும் வடிவங்களைக் கணித அறிஞர் 'பிராக்டல்' என்பர். நாம் அவற்றைத் 'தன்னொப்பு வடிவங்கள்' எனலாம். போலந்து நாட்டில் 1924-ஆம் ஆண்டிற் பிறந்த மாண்டல்பிராட் என்பவர், 1975-இல் இப்பெயரை வழங்கினார். 'உடைந்தது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அவர் இதனை அமைத்தார். மலை, மேகம், கடற்கரை முதலியவற்றை நேர்கோட்டாலும் வட்டத்தாலும் மட்டும் விளக்க இயலாது என்று கண்டு, அவற்றிற்கு ஏற்ற கணக்கை அவர் வகுத்தார்.

இக்கணக்கோடு தொடர்புடைய ஓர் ஆராய்ச்சி நம் தாம்பரத்திலும் நிகழ்ந்தது. 1837-இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கே புள்ளியியல் பேராசிரியராய் விளங்கியவர் கிப்ட் சிரோமணி. பழந்தமிழ் எழுத்துகளையும் ஆராய்ந்த அவர், நம் இல்லங்களின் வாயிலில் நாள்தோறும் இடப்படும் கோலத்தின்மேல் கருத்துச் செலுத்தினார். அவரும், கணிதப் பேராசிரியராகிய அவர்தம் துணைவியார் இராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, 1974-இல் கோலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். கோலத்திற்கும் இலக்கணம் உண்டு என்பதே அவர்கள் காட்டிய உண்மை.

இலக்கணம் மொழிக்கு உரியதன்றோ? கோலத்திற்கு இலக்கணம் எவ்வாறு அமையும்? இவ்வாறு நீங்கள் வினவலாம். மொழியில் எழுத்துகள் சில, விதிகள் சில, அவற்றால் ஆகும் தொடர்களோ எண்ணில. கோலத்திலும் புள்ளி, நேர்கோடு, வளைகோடு எனச் சில உறுப்புகளே உள்ளன. அவற்றை இணைக்கும் விதிகளும் சிலவே. அவற்றைக் கொண்டு எத்தனையோ கோலங்களை வரையலாம்.

சிறு விதி பெரிய வடிவை ஆக்கும் திறத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம். 'அ' என்னும் எழுத்தைக் கண்டால், அதனை 'அஆ' என மாற்றுக. 'ஆ' என்னும் எழுத்தைக் கண்டால், அதனை 'அ' என மாற்றுக. விதிகள் இவ்விரண்டே. 'அ' என்று தொடங்குவோம். அடுத்த வரி 'அஆ' ஆகும். அதற்கடுத்தது 'அஆஅ'. பின்னர் 'அஆஅஅஆ'. அதன்பின் 'அஆஅஅஆஅஆஅ'. எழுத்துகளை எண்ணினால் 1, 2, 3, 5, 8 என வளர்வதைக் காணலாம். மூன்றாம் வரி முதலாக, ஒவ்வொரு வரியும் தனக்கு முந்திய இரு வரிகளைத் தன்னுள் முழுமையாகக் கொண்டிருப்பதையும் காணலாம். லிண்டன்மாயர் என்னும் உயிரியல் அறிஞர், பாசி வளரும் முறையை விளக்க 1968-இல் இத்தகைய விதிகளை வகுத்தார்.

இம்முறை கோலத்துக்கும் பொருந்தியது. கண்ணனுடைய காற்சிலம்பின் பெயரால் அறியப்படும் கோலம் ஒன்று உண்டு. அதன் சிறு வடிவை ஒன்றென வரைந்து, அத்தகைய நான்கினை நான்கு மூலைகளில் அமைத்து, நடுவில் அவற்றின் கோடுகளை இணைத்தால் பெரிய கோலம் ஒன்று கிடைக்கும். அப்பெரிய கோலங்கள் நான்கினை இணைத்தால் அதனினும் பெரியது கிடைக்கும். உள்ளிருக்கும் சிறு வடிவங்கள் 1, 4, 16, 64 எனப் பெருகும். இவ்வாறு எத்துணைப் பெருகினும், கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். இடையில் எங்கும் அறுபடாது. புருசிங்கேவிச் என்னும் அறிஞரும் கமலா கிருத்திவாசனும் லிண்டன்மாயர் முறையைக் கொண்டு, இத்தகைய கோலங்களைக் கணிப்பொறியில் வரையும் வழியை விளக்கினர்.

நீங்களும் பலகையில் ஒரு தன்னொப்பு வடிவத்தை வரையலாம். மூன்று பக்கமும் சமமான ஒரு பெரிய முக்கோணம் வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து, அம்மூன்று புள்ளிகளையும் இணையுங்கள். நான்கு சிறு முக்கோணங்கள் தோன்றும். நடுவிலுள்ளதை விட்டுவிட்டு, மற்ற மூன்றிலும் இச்செயலையே திரும்பச் செய்யுங்கள். விடப்படாத முக்கோணங்கள் 3, 9, 27, 81 எனப் பெருகும். போலந்து நாட்டுக் கணித அறிஞர் சியர்பின்ஸ்கி என்பவர் 1915-இல் இவ்வடிவை விளக்கினார்.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கோலங்கள் யாவும் தன்னொப்பு வடிவங்கள் ஆகா. விதியைத் திரும்பத் திரும்பச் செய்து வளர்க்கும் சில கோலங்களே அவ்வாறு அமைவன. மேலும், கணக்கில் இவ்வடிவங்களை முடிவின்றிச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம்; இயற்கையிலோ அதற்கு எல்லை உண்டு. முருங்கையின் சிற்றிலையை எடுத்து நோக்கின், அதற்குமேற் காம்புகள் கிளைப்பதில்லை.

கோலமிட்ட நம் பாட்டியர் பலர் கணித நூல்களைப் பயின்றவரல்லர். ஆயினும், எத்தனை புள்ளி வைப்பது, எந்தக் கோட்டை எங்கே திருப்புவது, எவ்விடத்தில் முடிப்பது என்னும் விதிகளைத் தாயிடமிருந்து மகள் கற்றாள்; அவளிடமிருந்து அவள் மகள் கற்றாள். அவ்விதிகள் ஏட்டில் எழுதப்படாமல் கைவழியே வந்தன. கல்லூரியில் அமர்ந்த அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து, உலகம் அறியும் கணக்காக எழுதினர்.

இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களில் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. அவற்றிற் பலவற்றில் வாயில் ஒரு கதவின் அகலமே. அங்கே கடையில் விற்கும் ஒட்டுக்கோலத்தை ஒட்டிவிடுகின்றனர். இடமும் நேரமும் குறைந்தோர்க்கு அது உதவுகிறது. அதனைக் குறை கூறுதல் தகாது. ஆனால், ஒட்டுக்கோலத்தில் இருப்பது ஒரே படம். அதனைக் கொண்டு அடுத்த கோலத்தை வரைய இயலாது. விதி அறிந்த கையோ, நான்கு சிறு கோலங்களிலிருந்து பதினாறையும், பதினாறிலிருந்து அறுபத்து நான்கையும் ஆக்க வல்லது. ஒரு மொழியின் தொடர் ஒன்றை மனப்பாடம் செய்வதற்கும், அம்மொழியைப் பேசக் கற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே, மாணவ மாணவியரே, உங்கள் தாயாரோ பாட்டியோ கோலமிடும்போது அருகில் அமர்ந்து நோக்குங்கள். புள்ளி எத்தனை, கோடு எங்கே திரும்புகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டறியுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் வரைந்து வையுங்கள். ஆண் பிள்ளைகளும் இதனைக் கற்கலாம். கணக்கு இருபாலார்க்கும் பொது. காலையில் இட்ட கோலம் மாலைக்குள் கால்பட்டு அழிந்துபோகும். அதன் விதி உங்கள் கையில் இருந்தால், மறுநாட் காலையில் அது மீண்டும் தோன்றும்.