ஹைபிரிட் கார் வாங்கலாமா... 28 கி.மீ மைலேஜ் எல்லாம் நிஜம்தானா?

புதுசா கார் எடுத்துட்டு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க. கலர், சன்ரூஃப், டச் ஸ்கிரீன் எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது. வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு சித்தப்பா கேட்கிற முதல் கேள்வி, ‘மைலேஜ் எவ்ளோ கொடுக்குது?’ அதுக்கு ‘28’னு கெத்தா பதில் சொல்ல ஆசைப்படுறவங்களைக் குறிவைத்துத்தான் ஹைபிரிட் கார்கள் வருகின்றன.

2022-ல் ஒரே வருஷத்தில் ஹோண்டா சிட்டி இ:ஹெச்.இ.வி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா என்று வரிசைகட்டி இறங்கின. சிட்டி 26.5 கி.மீ என்றது. ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் 27.97 கி.மீ என்றன. இன்னோவா ஹைகிராஸ் மாதிரி பெரிய வண்டியே 23.24 கி.மீ என்கிறது.

திடீர்னு எல்லோருக்கும் நம்ம பர்ஸ் மேல ஏன் இவ்வளவு அக்கறை? பின்னால் ஒரு விதி இருக்கிறது. பெயர் ‘கேஃபே’. காபிக் கடைனு நினைச்சுடாதீங்க! ஒரு கம்பெனி வருஷம் முழுக்க விற்கிற கார்களின் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு, கிலோமீட்டருக்கு இத்தனை கிராமுக்குள் இருக்கணும் என்று மத்திய அரசு வைத்திருக்கும் கணக்கு. பெரிய எஸ்.யூ.வி-களை விற்றுத் தள்ளினால் சராசரி எகிறும். அதைக் கீழே இழுக்க எலெக்ட்ரிக் காரோ, ஹைபிரிட்டோ விற்றாக வேண்டும். டாடாவும் மஹிந்திராவும் எலெக்ட்ரிக் பக்கம் போக, டொயோட்டாவும் மாருதியும் ஹைபிரிட் மேல் பந்தயம் கட்டின. டொயோட்டாவுக்கு இது பழகிய ஆட்டம். 1997-லேயே ஜப்பானில் ப்ரியஸை இறக்கியவர்கள் ஆச்சே!

சரி, உள்ளே என்னதான் நடக்குது? சாதாரண காரில் பிரேக் பிடித்தால், வண்டியின் வேகம் பூராவும் பிரேக் பேடில் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட்டில் அந்த நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்த சக்தியை பேட்டரிக்குள் திருப்பி அனுப்புகிறது. சிக்னல் பச்சை ஆனதும் அதே கரன்ட்டில் வண்டி சத்தமில்லாமல் நகர்கிறது. பெட்ரோல் இன்ஜின் அதிகம் குடிப்பது நின்று நின்று கிளம்பும்போதுதான். அந்த வேலையை மோட்டார் வாங்கிக்கொள்வதால் கத்திப்பாராவில் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊர்ந்தாலும் இன்ஜின் பாதி நேரம் தூங்கும். சார்ஜரில் போடவே வேண்டாம்.

அதனால் வழக்கமான கணக்கு இங்கே தலைகீழ். ‘ஹைவேல நல்லா கொடுக்கும், சிட்டில அடி வாங்கும்’ என்பது சாதா கார். ஹைபிரிட் ஜெயிப்பதே சிட்டியில்தான். திருச்சி ரோட்டில் 110-ல் நிறுத்தாமல் மிதித்தால், பிரேக்கும் இல்லை, பிரேக்கிலிருந்து கிடைக்கிற கரன்ட்டும் இல்லை. அங்கே பெரும்பாலும் இன்ஜின்தான் இழுக்கும்.

ஷோரூமில் ஒரு விஷயம் உஷார். ‘ஹைபிரிட்’னு ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதாது. 2015-ல் சியாஸில் வந்ததிலிருந்து மாருதி விற்றுவரும் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ எல்லாம் மைல்டு ஹைபிரிட். அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. தனியாகவும் ஓட்டுவதுதான் ஸ்ட்ராங் ஹைபிரிட். கிராண்ட் விட்டாராவில் ரெண்டுமே உண்டு. பெயர் ஒன்றுதான், விலையில் லட்சக்கணக்கில் வித்தியாசம்.

இப்போ அந்த 28-க்கு வருவோம். அது பொய் இல்லை. ஆனால், ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி, ஏசி போடாமல், 90 கி.மீ வேகத்தைத் தாண்டாமல் எடுத்த நம்பர். மே மாத சென்னையில் ஏசி இல்லாமல் ஓட்டுற தைரியம் உங்களுக்கு இருக்கா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாசம் 1,000 கி.மீ ஓட்டுறீங்க, எல்லாம் சிட்டி டிராஃபிக். சாதா ஆட்டோமேட்டிக் 12 கொடுக்குது, ஹைபிரிட் 20 கொடுக்குதுனு வெச்சுப்போம். மாசம் 33 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்குச் சுமார் 40,000 ரூபாய். ஹைபிரிட்டுக்கு 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், போட்ட காசு திரும்ப ஏழரை வருஷம்! மாசம் 2,000 கி.மீ ஓட்டுறவருக்கு அதில் பாதி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் வண்டியை எடுக்கிற ஆள் என்றால்... பேசாமல் மைல்டு ஹைபிரிட்டே எடுத்துடுங்க பாஸ். மிச்சமாகும் காசுக்கு பல வருஷம் பெட்ரோலே போடலாம்.

காசைத் தாண்டியும் சில விஷயங்கள் உண்டு. கியர், கிளட்ச் தொல்லை கிடையாது, டிராஃபிக்கில் கேபின் அவ்வளவு அமைதி. எனக்கு இது மைலேஜைவிடப் பெரிய லாபமாகப் படுகிறது. பேட்டரி போயிடுமோனு பயப்படுறவங்களுக்கு, பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ வாரன்டி தருகின்றன. ஆனால் பேட்டரி பின்னால் உட்காருவதால் சில மாடல்களில் டிக்கி சுருங்கிவிடும். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் டிக்கியைத் திறந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலையில் காலி ரோட்டில் முடிச்சுடாதீங்க. வேலைநாள் சாயங்காலம் கேளுங்க. ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணிட்டு, ஏசியை ஃபுல்லா வெச்சு, நீங்க தினமும் ஆபீஸ் போற அதே ரூட்ல ஓட்டிப் பாருங்க. சித்தப்பாகிட்ட சொல்ல வேண்டிய நம்பர் அதுல வரும்.