வரைபடத்துக்கும் வரவுக்கும் இடையே: மும்பையில் ஒரு சிறு கட்டடக்கலை அலுவலகம்

மும்பை மாநகராட்சி ஒரு புதிய கட்டடத்துக்கு முதலில் வழங்கும் அனுமதியின் பெயர் வியப்பளிப்பது. 'இன்டிமேஷன் ஆஃப் டிஸ்அப்ரூவல்', சுருக்கமாக ஐ.ஓ.டி. 'ஏற்கவில்லை என்னும் அறிவிப்பு' என்பதே அதன் நேர்ப்பொருள். 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம், 346-ஆம் பிரிவு தந்த வழக்கு இது. இன்னின்ன நிபந்தனைகளை நிறைவேற்றும் வரை உங்கள் திட்டத்தை ஏற்கவில்லை என்கிறது மாநகராட்சி. அது கைக்குக் கிடைத்தால் மகிழ வேண்டும் என்பது இவ்வூர் வழக்கம். நிபந்தனைகள் நிறைவேறியபின் பணி தொடங்கும் சான்றிதழ், கட்டி முடித்தபின் குடியேற்றச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் இடையே மாதங்கள் கழியலாம்.

பல திட்டங்களைக் கையில் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு ஒன்று தாமதமானால் மற்றொன்று கைகொடுக்கும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நான்கு பேருடன் இயங்கும் அலுவலகத்துக்கு அந்த மாதங்களிலும் முதல் தேதி வரும். சம்பளமும் வாடகையும் கொடுத்தாக வேண்டும். வேலை கிடைக்காத காலத்தைவிட, முடித்த வேலைக்குப் பணம் வராத காலமே சிறு அலுவலகத்துக்குப் பெரிய ஆபத்து.

இதைத் தடுக்கும் முதல் வேலி ஒப்பந்தம். கட்டடக் கலைஞர்கள் சட்டம், 1972-இன்கீழ் அமைந்த கட்டடக்கலை மன்றம் கட்டணத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து வழிகாட்டியிருக்கிறது. அதில் வரைபடத்தை ஒப்புதலுக்குச் சமர்ப்பிப்பது ஒரு கட்டம், ஒப்புதல் கிடைப்பது மற்றொரு கட்டம். நடைமுறையில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, 'ஐ.ஓ.டி. வந்தபின் இவ்வளவு' என்று எழுதிவிடுகிறார்கள். அனுமதி அளிப்பது மாநகராட்சி. தங்கள் கையில் இல்லாத ஒரு நிகழ்வோடு தங்கள் ஊதியத்தைக் கட்டிவிடுகிறார்கள். கட்டணத்தின் பெரும்பகுதி அலுவலகம் தானே முடிக்கக்கூடிய பணிகளோடு இணைந்திருக்க வேண்டும். செம்பூரில் இது மிகவும் பொருந்தும். திலக் நகர் போன்ற பழைய குடியிருப்புகளில் மறுமேம்பாடு என்றால் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், கட்டுமான நிறுவனம், மாநகராட்சி அல்லது மாடா என்று பல தரப்புகள் உண்டு. சங்கத்தின் பொதுக்குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றாமல் காசோலை எழுதப்படாது.

அடுத்து வரிக்கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சங்கத்துக்கு ரூ.3,00,000 கட்டணத்துக்குப் பட்டியல் அனுப்பப்படுகிறது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ.54,000 சேர்ந்து மொத்தம் ரூ.3,54,000. சங்கம் 10 விழுக்காட்டை, அதாவது ரூ.30,000-ஐ, வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு ரூ.3,24,000 செலுத்தும். வங்கிக் கணக்கில் தெரியும் இத்தொகையில் ரூ.54,000 அரசுக்குரியது; செலவிடத் தக்கது ரூ.2,70,000 மட்டுமே. பிடித்த ரூ.30,000 ஆண்டு முடிவில்தான் வரிக் கணக்கில் ஈடாகும்.

இது பணம் வந்த கதை. வராவிட்டால்? ஜி.எஸ்.டி. பொறுப்பு பட்டியல் எழுதியதுமே பிறந்துவிடுகிறது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அந்த ரூ.54,000-ஐத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு பணிக்கட்டம் முடிந்ததும் கட்டணம் என ஒப்பந்தம் சொன்னால், அக்கட்டம் முடியும்போதே பட்டியல் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒப்பந்தத்தின் ஒரு வரி, வரி கட்டும் தேதியையும் முடிவுசெய்கிறது. பொறுப்புணர்வுள்ள அலுவலகங்கள் ஜி.எஸ்.டி. தொகைக்குத் தனிக் கணக்கு வைத்து, பணம் வந்த நாளிலேயே மாற்றிவிடுகின்றன.

கட்டணத்தை எப்படி முடிவுசெய்வது? கட்டுமானச் செலவில் இத்தனை விழுக்காடு என்பது பழைய வழக்கம். அது சிறிய பணிகளுக்குப் பொருந்துவதில்லை. மேற்சொன்ன நால்வர் அலுவலகத்துக்கு உதவியாளர் மூவர் சம்பளம் ரூ.1,00,000, உரிமையாளர் தமக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் ரூ.60,000, வாடகை ரூ.30,000, பிற செலவு ரூ.10,000 என்று மாதச் செலவு ரூ.2,00,000 எனக் கொள்வோம். (தம் சம்பளத்தைச் செலவில் சேர்க்க மறப்பவர்கள் ஏராளம்.) நால்வரின் 640 மணி நேரத்தில், கட்டணம் பெறத்தக்க வேலைக்குப் போவது 400 மணி என்றால், ஒரு மணிக்கு அடக்கவிலை ரூ.500.

மாட்டுங்காவின் பழைய கட்டடம் ஒன்றில் குடியிருப்பைப் புதுப்பிக்கும் பணி, செலவு ரூ.12,00,000, கட்டணம் 8 விழுக்காடு, அதாவது ரூ.96,000. சுவரைத் திறந்தால் துருப்பிடித்த இரும்பு, மேல்மாடியிலிருந்து கசிவு, வீட்டுக்காரரின் மூன்றாவது மனமாற்றம் என்று 300 மணி நேரம் போனால் அடக்கம் ரூ.1,50,000. நேர ஏடு வைக்காத அலுவலகத்துக்கு இந்த ரூ.54,000 இழப்பு கண்ணில் படவே படாது. அதை ஈடுசெய்யும் வேறொரு நல்ல பணியின் இலாபம் எங்கே போயிற்று என்றுதான் தேடுவார்கள்.

தாராவியின் கணக்கு வேறு. அங்கே வீடுகளையும் பட்டறைகளையும் எழுப்புவோர் உள்ளூர் மேஸ்திரிகள். கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தைத்தான் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது, வடிவமைக்கும் தொழிலை அன்று என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. எனவே மேஸ்திரியைப் போட்டியாளராகக் கருதுவதில் பயனில்லை. இருநூறு சதுர அடி இடத்தில் விழுக்காட்டுக் கட்டணம் யாருக்கும் கட்டுபடியாகாது. காற்றோட்டம், படிக்கட்டு, கழிப்பறை என்று ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு, குறிப்பிட்ட நாள்களில், முன்கூட்டிப் பேசிய தொகைக்கு வரைந்து தருவதே நடைமுறைக்கு ஒத்தது.

பணம் தாமதமானால் சட்டத்தின் துணை உண்டு. உத்யம் பதிவு கட்டணமில்லாதது. பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளில் பணம் தரப்பட வேண்டும். ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு முறையில். முறையிடுவதற்கு இணையதளம் இருக்கிறது. வேலையில் இறங்கும் முன்பே பதிவுசெய்துகொள்வது நல்லது. பின்னர் பெற்ற பதிவு பழைய பாக்கிக்கு உதவுமா என்பது வழக்காடத்தக்க கேள்வியாகிவிடும்.

வங்கிக் கடனைப் பொறுத்தவரை, கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் தவணைக் கடன், பட்டியலுக்கும் வரவுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு ஓவர்டிராஃப்ட் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிணையாகக் காட்டச் சொத்து இல்லாதவர்களுக்கு, மத்திய அரசும் சிட்பியும் 2000-இல் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளையின் பாதுகாப்பு கிடைக்கக்கூடும்.

கடன் கேட்கும்போது வருமானக் கணக்கும் பார்க்கப்படும். ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால், ரூ.75 இலட்சம் வரை வரவுள்ள கட்டடக் கலைஞர் அதில் பாதியை வருமானமாகக் காட்டி, விரிவான கணக்கு வைக்காமலே வரி செலுத்தலாம். தனியாளாக வரைபவருக்கு இது வசதி. சம்பளமும் வாடகையும் வரவில் முக்கால் பங்கை விழுங்கும் அலுவலகத்துக்கோ, ஈட்டாத இலாபத்துக்கு வரி கட்டுவதாக முடியும். இரு வழிகளிலும் கணக்கிட்டுப் பார்க்கும்படி தணிக்கையாளரிடம் ஏப்ரலிலேயே கேட்டுவிட வேண்டும். மார்ச்சில் கேட்டால், ஓராண்டுக்கான ரசீதுகளைத் தேடுவதே தனி வேலையாகிவிடும்.