போரை எதிர்த்த பொம்மைகள்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் நடக்கும் சர்வதேச அனிமேஷன் திரைப்பட விழா 1976இல் தொடங்கியது. முதல் விழாவில் பெரும் பரிசு பெற்ற கரோலின் லீஃபின் ‘தி ஸ்ட்ரீட்’, கண்ணாடியில் சாயம் பூசி, விரலால் கலைத்துக் கலைத்து எடுத்த படம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கைவேலைப் படங்களுக்கு அங்கே மதிப்பு போகவில்லை.

எனக்கு ஒட்டாவா என்றால் நார்மன் மெக்லாரன்தான். கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 1952இல் அவர் எடுத்த ‘நெய்பர்ஸ்’ எட்டே நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். நடுவில் ஒரு பூ. அது யாருக்கு என்ற தகராறு கொலையில் முடிகிறது. நடித்தவர்கள் நிஜ மனிதர்கள். அவர்களைக் குதிக்கச் சொல்லி, கால் தரையில் படாத கணத்தை மட்டும் ஒவ்வொரு கட்டமாகப் பிடித்ததால், அந்தரத்தில் மிதந்து போகிறார்கள். ஆஸ்கரும் கிடைத்தது.

ஆனால் ஒருவர் மனைவியையும் குழந்தையையும் இன்னொருவர் அடித்துக் கொல்லும் காட்சி அந்நாளில் வெட்டப்பட்டது. வியட்நாம் போர் மக்கள் மனத்தை மாற்றிய பிறகே அதைத் திரும்பச் சேர்த்தார்கள். அதற்குள் மூல நெகட்டிவ் அழிந்துபோயிருந்தது. ஒரு பிரதியிலிருந்து மீட்டதால் அந்தப் பகுதியின் தரம் குறைவு.

அதே வியட்நாம் காலத்தில் நியூயார்க் தெருக்களில் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் ராட்சத பொம்மைகளைத் தூக்கி நடந்தது ‘பிரெட் அண்ட் பப்பெட்’ நாடகக் குழு. 1963இல் இதைத் தொடங்கிய பீட்டர் ஷூமன், சிறு வயதில் போரால் சிலேசியாவை விட்டு அகதியாக ஓடியவர். பார்க்க வந்தவர்களுக்குத் தன் கையால் சுட்ட ரை மாவு ரொட்டியைக் கொடுப்பார். கலையும் சோறுபோல அன்றாடத் தேவை என்பது அவர் கட்சி.

குழு இப்போது இருப்பது கனடா எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் குளோவர் கிராமத்தில். அங்கே ஒரு பழைய மாட்டுத் தொழுவம்தான் அருங்காட்சியகம். டிக்கெட் கிடையாது, விருப்பப்பட்டதைப் போடலாம். காகிதக் கூழில் செய்த முகங்கள் தரையிலிருந்து கூரைவரை நெருக்கியடித்து நிற்கின்றன. கண்ணாடிப் பெட்டி இல்லை, ஏசி இல்லை. தூசியும் ஈரமும் அவற்றைத் தின்கின்றன; பொம்மைக்கும் முதுமை உண்டு என்று குழு அதை ஏற்றுக்கொள்கிறது.

இதில் எனக்கு உடன்பாடில்லை. மெக்லாரன் படத்தின் அந்தக் காட்சிக்கு ஒரு பிரதியாவது மிஞ்சியது. காகிதக் கூழுக்குப் பிரதி ஏது? வியட்நாம் ஊர்வலங்களில் நடந்த பொம்மைகளையாவது காப்பாற்ற வேண்டும். போர்கள் இன்னும் ஓயவில்லை.